நல்ல வேளை

சபையில் அவளுக்கு ஜெபக்கா என்றுதான் பெயர். அவளைவிட மூத்தவர்களும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். புது வீடு குடிபோனால், குழந்தை பிறந்தால், ஆபரேஷனுக்கு முந்தின நாள் ஆஸ்பத்திரிக் கட்டிலைச் சுற்றி உறவுக்காரர்கள் கையைப் பிசைந்துகொண்டு நின்றால், போதகருக்கு அடுத்தபடியாகத் தேடப்படுகிற ஆள் அவள். வேத வார்த்தைகள் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. கண்ணை மூடினால் போதும். ஆரம்பம் தானாக வரும், நடு தானாக வரும், ஆமென் சரியான இடத்தில் வந்து நிற்கும். கேட்கிறவர்கள் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். அவள் கண்ணைத் துடைத்து வெகுகாலம் ஆகியிருந்தது.

இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. தனக்குத்தானே கூடச் சொல்லிக்கொண்டதில்லை. முதலில் வாய் திறந்து சொன்னது அவள் மகள்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஆராதனை முடிந்து வந்து மகள் காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். கல்லூரியில் கடைசி வருடம். மூக்கு அம்மா மாதிரி, நாக்கு அப்பா மாதிரி. அவளிடம் போய், "இன்னைக்கு என் ஜெபம் எப்படி இருந்துச்சுடி?" என்று கேட்டது தாயின் தப்புதான்.

"நல்லா இருந்துச்சும்மா."

"சும்மா சொல்லாத."

மகள் கத்தியைக் கீழே வைத்தாள். "ஸ்டேஷன்ல ரயில் வருது போகுதுன்னு ஒரு அம்மா சொல்லுவாங்கல்ல, அந்த மாதிரி இருந்துச்சு. ஒரு தப்பு கிடையாது. ஆனா அந்த அம்மா எந்த ரயில்லயும் ஏறப் போறதில்ல."

அடுத்த அறையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த கணவர் சிரித்துவிட்டார். பிறகு சிரித்ததற்காக இருமினார். "வாய் ரொம்ப நீளுது உனக்கு" என்று மகளைத் திட்டிவிட்டு ஜெபக்கா தன் அறைக்குள் போய்க் கட்டிலில் உட்கார்ந்தாள். கோபம் சாயங்காலத்துக்குள் ஆறிவிட்டது. அந்த வாக்கியம் ஆறவில்லை. வாடகை கேட்க வந்த வீட்டுக்காரர் மாதிரி உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டது.

ஏனென்றால் அவள் ஒரு காலத்தில் ரயிலில் ஏறியவள்.

கல்லூரி விடுதியில் முதல் வருடம் இருந்தபோதுதான் ஆண்டவர் அவளைப் பிடித்தார். அவள் அப்படித்தான் சொல்லுவாள், பிடித்தார் என்று. ஒரு தோழி கூப்பிட்டாளே என்று ஜெபக் கூட்டத்துக்குப் போனவள், திரும்பி வரும்போது வேறு ஆளாக வந்தாள். அதற்குப் பிறகு பேச்சு ஓயவில்லை. மாடியில் துணி துவைக்கும்போது பேசுவாள், உலர்த்தும்போது பேசுவாள், பரீட்சைக்குப் போகிற வழியில் உதடு அசையும். "இந்தக் கேள்வி மட்டும் வந்துச்சுன்னா உங்களோட நான் பேச மாட்டேன்" என்று மிரட்டக்கூடச் செய்வாள். அறைத்தோழிகள் எவனோ ஒருவனோடு காதல் என்று முடிவுகட்டிவிட்டார்கள். விடுதிக் காப்பாளர் வரைக்கும் விஷயம் போயிற்று.

"யாரு அவன்?" என்றார் காப்பாளர்.

"இயேசு" என்றாள்.

திட்டுவதா அனுப்பிவிடுவதா என்று தெரியாமல் அந்த அம்மாள் கொஞ்ச நேரம் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

பிறகு கல்யாணம், சபை, பெண்கள் கூட்டம். முதல்முதலாக எழுந்து சத்தமாக ஜெபித்த நாளில் மூத்த சகோதரி ஒருவர் அவளை ஓரமாகக் கூப்பிட்டுத் திருத்தினார். "ஆண்டவர்கிட்ட 'நீங்க'ன்னு பேசக் கூடாதும்மா. 'நீர்', 'உமக்கு', 'உம்முடைய'ன்னு சொல்லணும். பக்கத்து வீட்டுக்காரர்கிட்ட பேசுற மாதிரியா பேசுறது?" அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அவளும் கற்றுக்கொண்டாள், நன்றாகவே கற்றுக்கொண்டாள். நன்றாக வந்தது என்றார்கள். இன்னும் நன்றாக வந்தது. எந்தப் பாவத்திலும் விழவில்லை, எந்த இடியும் தலையில் இறங்கவில்லை. கொடியில் போட்ட ஈரத்துணி எந்த நிமிஷத்தில் காய்ந்தது என்று யாரால் சொல்ல முடியும்? அப்படித்தான் காய்ந்தது.

வேலையும் அதற்கு ஒத்தாசை செய்தது. அவசர உதவிக்கு அழைக்கிறவர்களின் போனை எடுக்கிற கட்டுப்பாட்டு அறையில் அவளுக்கு வேலை. வரிசையாக மேசைகள், காதில் ஹெட்செட், எதிரே திரை. விபத்து, தீ, மாரடைப்பு, அடிதடி எல்லாம் முதலில் அவள் காதில்தான் வந்து விழும். சேர்ந்த புதிதில் ஒவ்வொரு குரலுக்காகவும் மனசுக்குள் மன்றாடுவாள். கழிப்பறைக்குப் போய் அழுதுவிட்டு முகம் கழுவிக்கொண்டு வருவாள். "இப்படி இருந்தா ஒரு வருஷம் தாங்க மாட்டீங்க" என்று சூப்பர்வைசர் சொன்னார். அவர் சொன்னதும் தப்பில்லை. உளி பிடிக்கிறவனுக்குக் கை காய்த்துப்போவது போல அவளுக்குக் காது காய்த்துப்போயிற்று. அறையிலேயே பதறாத குரல் என்று பேர் வாங்கினாள்.

மகள் அப்படிச் சொன்ன அதே வாரத்தில்தான் அந்த அழைப்பு வந்தது. மத்தியானச் சாப்பாடு முடிந்து கண் சொக்குகிற நேரம்.

"ஹலோ, யக்கா, கதவு திறக்க மாட்டேங்குது." பெண் குரல். மூச்சு வாங்கியது.

"எந்த இடத்துல இருக்கீங்க? முதல்ல விலாசம் சொல்லுங்க."

விலாசம் வந்தது. ஓர் அலுவலகக் கட்டடம். பேசியவள் அங்கே துப்புரவு வேலை செய்கிறவள். வாளியும் துடைப்பமும் வைக்கிற சிறிய அறை, கார் நிறுத்துகிற நிலவறைத் தளத்தின் கோடியில் இருந்தது. உடை மாற்ற உள்ளே போனபோது வெளியே ஏதோ வெடித்த மாதிரி சத்தம். பெரிய தண்ணீர்க் குழாய் உடைந்திருக்கிறது. கதவு வெளிப்பக்கமாகத் திறக்கிற கதவு. வெளியே தேங்கின தண்ணீர் அதை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தது. கதவிடுக்கு வழியாக உள்ளேயும் பீறிட்டுக்கொண்டிருந்தது.

"தண்ணி எதுவரைக்கும் இருக்கு?"

"முட்டிக்கு மேல. குளிருதுக்கா."

அவள் விரல்கள் தட்டச்சு செய்துகொண்டிருந்தன. அடுத்த மேசைக்காரர் தீயணைப்பு வண்டியைக் கிளப்பிவிட்டுக் கையை உயர்த்திக் காட்டினார். வண்டி புறப்பட்டுவிட்டது. ஆனால் திரையில் அது போகிற சாலை முழுக்கச் சிவப்பாக இருந்தது, நெரிசல்.

"கதவோட மல்லுக்கட்டாதீங்க. ஏறி நிக்க ஏதாவது இருக்கா?"

"ஒரு இரும்பு அலமாரி இருக்கு. அது என்னைத் தாங்குமான்னு தெரியல. நான் கொஞ்சம் ஆள் வாட்டசாட்டம்." அந்த நிலையிலும் அவள் குரலில் ஒரு சிரிப்பு எட்டிப் பார்த்தது.

"தாங்கும். மெதுவா ஏறுங்க. போன் நனையாம பார்த்துக்குங்க. உள்ள லைட் எரியுதா?"

"எரியுது."

"சுவிட்சைத் தொடாதீங்க. சுவரைக்கூடத் தொடாதீங்க. கட்டடத்துல கரண்டை நிறுத்தச் சொல்லியிருக்கோம். கொஞ்ச நேரத்துல இருட்டாயிடும். நாங்கதான் நிறுத்துறோம், பயப்படாதீங்க."

மறுபக்கம் இரும்பு கிரீச்சிட்டது. எதுவோ தண்ணீரில் விழுந்தது. பிறகு, "ஏறிட்டேன்" என்றாள். உடனே, "அணைஞ்சிடுச்சு" என்றாள். இந்தத் தடவை குரலில் சிரிப்பு இல்லை.

நேரம் நகரவில்லை. தண்ணீர் நகர்ந்தது. அலமாரியின் மேல் உட்கார்ந்தவளின் காலைத் தொட்டது. பிறகு இடுப்புக்கு வந்தது. வண்டி ஒரு மேம்பாலத்தின் அடியில் நின்றுகொண்டிருந்தது. கட்டடத்தின் காவலாளிகள் படிக்கட்டு வரை வந்துவிட்டு, இறங்க முடியாமல் திரும்பினார்கள். ஜெபக்கா பயிற்சியில் சொல்லிக்கொடுத்ததையெல்லாம் சொன்னாள். மூச்சை நிதானமாக விடச் சொன்னாள். வண்டி வருகிறது என்றாள். திரும்பவும் வருகிறது என்றாள்.

"யக்கா, உங்க குரல் நல்லா இருக்கு" என்றாள் அந்தப் பெண். பல் அடித்துக்கொண்டது. "டிவியில பேசுறவங்க மாதிரி. ஒரு விஷயம் கேக்கட்டுமா? உங்களுக்குச் சாமி நம்பிக்கை உண்டா?"

லைனில் கேட்கக் கூடாத, பதில் சொல்லக் கூடாத விஷயம் அது. எல்லாப் பேச்சும் பதிவாகும்.

"உண்டு" என்றாள்.

"அப்ப எனக்காகக் கேளுங்க. இப்பவே, எனக்குக் கேக்குற மாதிரி. இருட்டுல உங்க குரல் மட்டுந்தான் இருக்கு."

ஜெபக்கா கண்ணை மூடினாள். வாய் தானாகத் திறந்தது. "அன்பும் இரக்கமும் நிறைந்த எங்கள் பரலோகப் பிதாவே, இந்த நல்ல வேளைக்காக உமக்கு நன்றி செலுத்துகிறோம்..."

"நல்ல வேளையா?" என்றது காதில் இருந்த குரல். கேலி இல்லை அதில். நிஜமாகவே புரியாமல்தான் கேட்டாள். "யக்கா, தண்ணி நெஞ்சுக்கு வந்துடுச்சு."

ஜெபக்காவின் வாய் நின்றுவிட்டது. ஆயிரம் தடவை ஓடிய பாதையில் சக்கரம் கழன்று விழுந்த மாதிரி. அடுத்த வாக்கியம் இருந்தது, அதற்கடுத்ததும் இருந்தது. ஒன்றையும் எடுக்க முடியவில்லை. எடுத்தால் இந்தப் பெண்ணின் முகத்தில் குப்பையை எறிகிற மாதிரி இருக்கும். யாரோடு இத்தனை வருஷம் பேசிக்கொண்டிருந்தோம் என்று ஒரு பயம் வந்தது. அந்தப் பக்கம் யாராவது இருக்கிறார்களா? இருந்தால் நம்மைத் தெரியுமா?

"யக்கா? போயிட்டீங்களா?"

"இல்ல. இருக்கேன்." குரல் உடைந்தது. அந்த அறையில் அவள் குரல் உடைந்து யாரும் கேட்டதில்லை. பின்னால் சூப்பர்வைசரின் காலடி வந்து நின்றது. "அப்பா," என்றாள். "அப்பா, நீங்க அங்க இருக்கீங்களா? இவ தனியா இருட்டுல உக்காந்திருக்கா. எனக்கு என்ன கேக்குறதுன்னே தெரியல. உங்ககிட்ட பேசி ரொம்ப நாளாச்சு. என்னைப் பார்க்காதீங்க, இவளைப் பாருங்க. அந்தத் தண்ணியை நிறுத்துங்க. இவ கையைப் பிடிச்சுக்குங்க. விட்டுடாதீங்க. விட்டுடாதீங்கப்பா."

மறுபக்கம் அழுகைச் சத்தம் கேட்டது. பிறகு வெறும் தண்ணீர்ச் சத்தம். பிறகு ஒன்றுமே கேட்கவில்லை. லைன் செத்துவிட்டது.

திரும்ப அழைத்தாள். போன் அணைந்திருந்தது. மறுபடி அழைத்தாள்.

தோளில் யாரோ தொட்டார்கள். "அடுத்த அழைப்பு காத்திருக்கு" என்றார் சூப்பர்வைசர். கடுமையாகச் சொல்லவில்லை. ஆனால் சொல்லித்தான் ஆகவேண்டும். அடுத்த அழைப்பில் ஒருவர், தன் கார்க் கதவை இடித்துவிட்டுப் போன லாரியைப் பிடிக்கச் சொல்லிக் கத்தினார். அவள் லாரியின் நிறத்தைக் கேட்டாள். எண் தெரியுமா என்று கேட்டாள்.

அதை முடித்துவிட்டு அனுமதி கேட்டு எழுந்தாள். கட்டடத்தின் பின்பக்கம் யாரும் பயன்படுத்தாத படிக்கட்டில், சிகரெட் துண்டுகளுக்கு நடுவே உட்கார்ந்தாள். அங்கே அவள் செய்ததை ஜெபம் என்று சபையில் யாரும் சொல்ல மாட்டார்கள். கெஞ்சினாள். சண்டை போட்டாள். அந்தப் பெண்ணுக்காகத்தான் ஆரம்பித்தாள். நடுவில் தனக்காக அழுதாள். "நான் உங்க வீட்டுலயே குடியிருந்துக்கிட்டு உங்க மூஞ்சியைப் பார்க்காம வந்துபோயிருக்கேன். நீங்க ஏன் ஒரு தடவைகூடக் கூப்பிடல? கூப்பிட்டீங்களா? எனக்குத்தான் கேக்கலையா?" மூக்கு ஒழுகியது. துடைக்கத் துணி இல்லை, சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டாள். அந்தப் பெண் உயிரோடு இருக்கிறாளா என்று தெரியாது. உள்ளே போய்க் கேட்கவும் பயமாக இருந்தது. ஆனால் ஒன்று மட்டும் நடந்தது. யாரோ கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று அவளுக்கு உறுதியாகத் தெரிந்தது. பதிலோ அடையாளமோ வரவில்லை. எதிரே ஆள் உட்கார்ந்திருக்கும்போது கண்ணை மூடினாலும் தெரியுமே, அப்படித் தெரிந்தது. விடுதி மாடிக்குப் பிறகு இப்போதுதான்.

கதவைத் திறந்துகொண்டு சூப்பர்வைசர் எட்டிப் பார்த்தார். அவள் எழுந்திருக்கவில்லை. முகத்தைப் பார்த்தே கெட்ட சேதியா நல்ல சேதியா என்று படிக்க முயன்றாள். அவர் முகம் எப்போதும் ஒரே மாதிரிதான் இருக்கும், பாழாய்ப்போன முகம்.

"மாடிப்படிப் பக்கத்துச் சுவரை இடிச்சு எடுத்துட்டாங்க" என்றார். "உயிரோட. கூரைக்கு நெருக்கமா முகத்தை வச்சுக்கிட்டு இருந்திருக்கா. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிட்டாங்க." அவள் முழங்காலில் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். அவர் கொஞ்சம் நின்றுவிட்டு, "நான் ரிப்போர்ட் கொடுக்க வேண்டியிருக்கும்" என்றார்.

"கொடுங்க சார்."

விசாரணைக்குக் கூப்பிட்ட நாளில் நீளமான மேசைக்குப் பின்னால் மூன்று பேர் இருந்தார்கள். பதிவை ஓடவிட்டார்கள். தன் குரலைத் தானே கேட்க அவளுக்குக் கூச்சமாக இருந்தது. 'நல்ல வேளைக்காக' என்ற இடம் வந்தபோது மூவரில் ஒருவர் தலையைக் குனிந்துகொண்டார். மிச்சமும் ஓடி முடிந்ததும் பதிவை நிறுத்தினார்கள்.

"அவங்க கேட்டதால செஞ்சீங்க" என்றார் நடுவில் இருந்த பெண் அதிகாரி. "கேக்காம இருந்திருந்தா?"

"மனசுக்குள்ள செஞ்சிருப்பேன்னு சொல்ல ஆசையா இருக்கு மேடம். ஆனா செஞ்சிருக்க மாட்டேன். அந்தப் பழக்கம் விட்டுப்போய் ரொம்ப நாளாச்சு."

அதிகாரி அவளை உற்றுப் பார்த்தார். இப்படிப் பதில் சொல்கிறவர்களை அவர் அதிகம் பார்த்திருக்க மாட்டார். வேலை போய்விடும் என்றுதான் ஜெபக்கா நினைத்திருந்தாள். வீட்டில் கணவரிடம் சொல்லியும் வைத்திருந்தாள். எச்சரிக்கையோடு விட்டார்கள். "லைன்ல இனிமே வேண்டாம். மனசுக்குள்ள நீங்க என்ன செய்றீங்கன்னு பதிவு பண்ண எங்ககிட்ட கருவி இல்ல" என்றார் அதிகாரி. அழைத்தவர்களைப் போய்ப் பார்க்கக் கூடாது என்பதும் விதி. அதனால் அந்தப் பெண்ணின் முகம் அவளுக்குக் கடைசிவரை தெரியாது. பிழைத்துவிட்டாள், வேறு இடத்தில் வேலைக்குப் போகிறாள் என்பது வரைக்கும் காதில் விழுந்தது.

விசாரணையைவிடச் சிக்கலாக இருந்தது சபை. அடுத்த ஞாயிறு போதகர் வழக்கம்போல அவளைப் பார்த்துத் தலையசைத்தார். எழுந்தாள். எல்லோரும் கண்ணை மூடினார்கள். அந்தப் பழைய வாக்கியம் நாக்கின் நுனியில் வந்து நின்றது. அதைச் சொன்னால் எல்லாம் சுமுகமாக முடியும். சொன்னால் அந்தப் படிக்கட்டுக்குத் திரும்பிப் போக வழி இருக்காது என்றும் தோன்றியது. ஒவ்வொரு கண்ணாகத் திறக்க ஆரம்பித்தது.

"எனக்கு இன்னைக்கு வார்த்தை இல்ல" என்றாள். "இருக்கிற மாதிரி பேசப் பயமா இருக்கு. கொஞ்ச நேரம் சும்மா அவர் முன்னாடி இருப்போமா?"

உட்கார்ந்துவிட்டாள். மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. யாரோ ஒருவர் தொண்டையைக் கனைத்தார். பின்வரிசையில் ஓர் அம்மாள், "உடம்பு சரியில்லையோ" என்று முணுமுணுத்தது நன்றாகக் கேட்டது. போதகர் குறுக்கே பேசாமல் விட்டார், அது அவர் பெருந்தன்மை. வாசலில் கைகுலுக்கும்போது, "ஆண்டவர் மேல முதல்ல இருந்த அந்த ஆதி அன்பைத் தேடிப் போற மாதிரி தெரியுது. வழி தெரிஞ்சுதுன்னா என்னையும் கூட்டிட்டுப் போங்கம்மா" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார், ஆனால் கையை உடனே விடவில்லை. வீடு வந்து சேரும்வரை மகள் ஒன்றும் சொல்லவில்லை. அவள் நாக்கு சும்மா இருப்பது பெரிய சான்றிதழ்.

பெண்கள் கூட்டத்துக்கு அவளைக் கூப்பிடுவது குறைந்தது. "முன்ன மாதிரி இல்ல" என்று பேச்சு வந்தது. அவளுக்கு வலித்தது. புகழ் ஒரு கதகதப்பான போர்வை, உருவும்போது குளிரத்தான் செய்யும். ஆனாலும் தினமும் இடைவேளையில் அந்தப் பின்படிக்கட்டில் போய் உட்கார்ந்தாள். சில நாள் பேச்சு வந்தது. பல நாள் சும்மா உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்து வந்தாள். எல்லாம் ஒரே நாளில் பற்றிக்கொண்டுவிடவில்லை. ஈர விறகுதானே, புகைந்தது.

அவளுக்கு உள்ளூர ஒரு திகில் இருந்தது. அன்று அந்தப் பெண் பிழைத்ததால்தான் இதெல்லாமோ? செத்திருந்தால்?

அதற்கும் ஒரு நாள் வந்தது. வயதான மனிதர் ஒருவர் அழைத்தார். மனைவி சமையலறையில் விழுந்துவிட்டாள், மூச்சு இல்லை. நெஞ்சை எப்படி அழுத்துவது என்று ஜெபக்கா சொல்லிக்கொடுத்தாள். அவர் அழுத்திக்கொண்டே எண்ணினார், அவளும் கூட எண்ணினாள். எண்களுக்கு நடுவில் மனசுக்குள் மன்றாடினாள், முழுப் பலத்தோடு, ஒன்றையும் மிச்சம் வைக்காமல். "கண்ணைத் திறடி, உன்னால எழுந்திருக்க முடியும்" என்று அந்தக் கிழவர் மனைவியிடம் சொல்லிக்கொண்டே இருந்தார். ஆம்புலன்ஸ் சீக்கிரமாகத்தான் போய்ச் சேர்ந்தது. பிரயோஜனமில்லை. போனை வைப்பதற்கு முன் அவர், "நல்லாதான் சொல்லிக்கொடுத்தீங்கம்மா. எனக்குத்தான் கையில தெம்பு இல்ல" என்றார்.

வேலை முடிந்து வெளியே வந்தபோது மாலை வெயில் இன்னும் இருந்தது. பஸ் நிறுத்தத்தில் வந்து நின்றாள். இனி அவ்வளவுதான், பழையபடி காது காய்த்துப்போகும், வாய் தானாக ஓடும் என்று காத்திருந்தாள். அது நடக்கவில்லை. அதற்குப் பதிலாகக் கோபம் வந்தது. கொதிக்கக் கொதிக்க வந்தது. கோபித்துக்கொள்ள ஆள் இருந்தார்.

"ஏன்?" என்று கேட்டாள். "அந்த மனுஷன் கை வலிக்க வலிக்க அழுத்தினாரே, உங்களுக்கு எங்க போச்சு கை?" பதில் இல்லை. ஆனால் அவர் எழுந்து போய்விடவும் இல்லை. அவளும் போகவில்லை.

பஸ் வந்து, ஆட்களை ஏற்றிக்கொண்டு போயிற்று. அடுத்த பஸ் வருவதற்குள் முடிகிற சண்டையாக அது தெரியவில்லை. அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, பேசிக்கொண்டே வீட்டுக்கு நடக்கத் தொடங்கினாள்.